வாடகைக்கு ஒரு தாய்வீடு

"சொந்த வீடு இருக்குங்கீக. பெறகு எதுக்கும்மா வாடகைக்கு?"

அருப்புக்கோட்டையில் நான் வீடு தேடி ஏறிய படிகளில் எல்லாம் இதைத்தான் கேட்டார்கள். மகளுக்கு ஆறு முடிந்து ஏழாம் மாதம், தலைப்பிரசவம், அதற்காகத்தான் என்று சொன்னால் முகம் இன்னும் சுருங்கிப்போகும். சிலர் தீட்டு என்றார்கள். சிலர் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள். ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்தி, "வீட்டை வித்துட்டீகளா?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார். விற்கவில்லை. பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் அந்த ஓட்டு வீடு இன்றைக்கும் நிற்கிறது. முன்னறையில் தபால் ஆபீஸ். நான்தான் அதற்குப் போஸ்ட்மாஸ்டர். பின்னால் இரண்டு அறை, ஒரு அடுப்படி, பெரிய வாசல். ஒரு பிள்ளைத்தாச்சி கை வீசி நடக்க அதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் அந்த வீட்டில் என் மகளால் மூச்சுவிட முடியாது. முன்பின் தெரியாதவர்களின் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு இதை எப்படி விளங்கவைப்பது? நானே இதை விளங்கிக்கொள்ள இரண்டு மூன்று வருஷம் ஆனது. அதற்குள் செய்யக்கூடாததை எல்லாம் செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் போனபோது மகள் ஐந்தாம் வகுப்பு. அவர் பார்த்த தபால் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை, பிற்பாடு வந்த கையடக்க மிஷின் ஒன்று. காலையில் கதவைத் திறந்தால் ஆபீஸ், மத்தியானம் சாத்தினால் வீடு. நானும் அவளும் மட்டும்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது.

ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் குவாரி. கல்லை எடுத்துக்கொண்டு மிச்சமாகும் வெள்ளை மண்ணை ஒரு பக்கமாகக் கொட்டிக்கொண்டே வருவார்கள். நாங்கள் அதைச் சுக்கான் மண் என்போம். நான் கல்யாணமாகி வந்தபோது அது ஆள் உயரம் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைவிட உயர்ந்துவிட்டது. அதற்காக யாரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பொழுது அதன் பின்னால் விழுவதால் எங்கள் ஊரில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்று கேலி பேசுவோம், அவ்வளவுதான்.

எங்கள் மண் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் முழங்கால் வரை இழுக்கும். மகள் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த வெடிப்பிலிருந்து ஒரு கட்டுவிரியன் வந்தது. அவள் கல்லின் மேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படி வாசலில் இருந்து பார்த்தேன். சத்தம் போடவும் பயம், போடாமல் இருக்கவும் பயம். அது அவள் கொலுசை ஒட்டிப் போய் வேலிக்குள் நுழைந்துவிட்டது. ஒரே பிள்ளை.

மறுநாள் காலையில் குவாரி லாரி போகும் பாதையில் போய் நின்றேன். கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தினேன்.

"அண்ணே, எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுறத எங்க வாசல்ல ஒரு லோடு தட்டிட்டுப் போங்கண்ணே."

"ஒரு லோடு எம்மாத்திரம் தாயி. மூணு லோடு தட்டுறேன், ஆள வச்சு நெரவிக்கங்க" என்றார் டிரைவர். அவருக்கும் அந்த மேட்டில் ஏற்றி இறக்குகிற டீசல் மிச்சம்.

மூன்று லோடையும் பரப்பி, தண்ணீர் விட்டுத் திமுசு போட்டு இடித்ததும் வாசல் வெள்ளை வெளேர் என்று ஆனது. வெடிப்பு கிடையாது. சேறு கிடையாது. ஒரு எறும்பு ஊர்ந்தால்கூடப் பத்தடி தள்ளி இருந்து தெரியும். தபால் ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் தெருவில் ஏழெட்டு வாசல்கள் வெள்ளையாகிவிட்டன. பள்ளிக்கூடத்து மைதானத்துக்கும் நான்கு லோடு வந்தது. ஆரம்பித்து வைத்தவள் என்று என்னைத்தான் சொன்னார்கள். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளை வாசலில் ஒரு தொல்லை, ஒரு சருகு விழுந்தாலும் கண்ணை உறுத்தும். எனக்குச் சும்மாவே கூட்டுகிற கிறுக்கு உண்டு. காலையில் ஒரு தரம், ஆபீஸ் சாத்தியதும் ஒரு தரம், விளக்கு வைக்கும் முன் ஒரு தரம் என்று கூட்டினேன். தண்ணீர் தெளிக்காமல்தான். எங்கள் ஊரில் குழாய் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிர்ஷ்டம். குடிக்க வைத்த தண்ணீரை மண்ணில் தெளிக்க யாருக்கு மனசு வரும்? செவ்வாய் வெள்ளியில் கோலத்துக்கு மட்டும் ஒரு சொம்பு. மற்ற நாளெல்லாம் வறண்ட விளக்குமாறு. நான் கூட்டி முடிக்கும்போது வாசல் கழுவித் துடைத்ததுபோல இருக்கும். அதிலிருந்து கிளம்பியது எங்கே போனது என்று நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷம் ஆடிக் காற்றில் மகளுக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்றேன். தயிரை நிறுத்தினேன், வாழைப்பழத்தை நிறுத்தினேன், தலைக்கு ஊற்றுவதை வாரத்துக்கு ஒன்றாக்கினேன். தூதுவளைத் துவையல் அரைத்தேன். திருச்சுழிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன். மழை பிடித்ததும் சரியானது. வேண்டுதல் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒருத்திக்கு மட்டும் என்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. ஆபீசில் தலையைக் குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் வருவது யார் என்று இருமலை வைத்துச் சொல்லிவிடுவேன். வடக்குத் தெருப் பையனுக்கு வறட்டு இருமல், இரண்டு இருமி ஒரு செருமல். மேலத்தெரு அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, மூச்சின் கடைசியில் ஒரு கீச்சு. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய இளவட்டம் ஒருவன் இருந்தான். எழுத்துப் பரீட்சையில் பாஸ். ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறு வருஷமும் அதே கடைசிச் சுற்று. வீட்டில் அவனைச் சோம்பேறி என்று திட்டினார்கள். இப்போது பந்தல்குடியில் ரோட்டோரக் கடை ஒன்றில் நிற்கிறான். எல்லோருக்கும் இருப்பது நோயாகத் தெரியாது. ஊருக்கு ஒரு பேச்சு வழக்கு இருப்பதுபோல எங்கள் ஊருக்கு ஒரு இருமல் என்று இருந்துவிட்டோம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளை அருப்புக்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்த்தேன். நல்ல மார்க், நல்ல பள்ளிக்கூடம். போன ஒரே மாதத்தில் தெளிந்துவிட்டாள். கன்னத்தில் சதை போட்டது. மாடிப்படி ஏறி இறங்குகிறாள் என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் காலாண்டு லீவுக்கு வந்தவள் வீட்டில் கால் வைத்த மறுநாளே இழுக்க ஆரம்பித்தாள். திரும்பிப் போனால் சரி. பொங்கலுக்கு வந்தால் மறுபடி. அரையும் குறையுமாகச் சாப்பிட்டுவிட்டு, தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பொங்கலுக்கு நான் செய்த தடபுடல் கொஞ்சமில்லை. மகள் வருகிறாள் என்று ஓட்டில் இருந்த ஒட்டடையைத் தட்டி, பரணை ஒழித்து, பாயை உதறி, வாசலை ஒரே நாளில் நான்கு தரம் கூட்டினேன். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதும் கையில் விளக்குமாறோடுதான் நின்றேன். ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் இழுப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதம் தனியாகக் கிடந்து, ஒவ்வொரு நாளாக எண்ணி, வந்த பிள்ளை இப்படி உட்கார்ந்தால்?

"ஹாஸ்டல்ல ஒண்ணும் செய்யல. இங்க வந்தா மட்டும் இழுக்குதாக்கும். டவுனு ருசி கண்டுட்டா வீடு பிடிக்குமா? ஏன், என் மூஞ்சியப் பாத்தாத்தான் உனக்கு மூச்சு முட்டுதா?"

கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே. மறுபடி குனிந்துகொண்டாள். நான் வாழ்க்கையில் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். இதை எழுதும்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாளில் முற்றிவிட்டது. உதடு நிறம் மாறியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூக்கில் புகை மருந்து வைத்து, ஊசி போட்டு, அவள் சரியானதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். மகளை ஒரு குழாயில் ஊதச் சொல்லி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார்.

"வீட்டுல தூசி இருக்காம்மா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்ல தூசியா? ஒரு நாளைக்கு மூணு தடவ கூட்டுறவ நான். இவ வந்தா நாலு தடவ."

"தண்ணி தெளிச்சா?"

"தண்ணிக்கு எங்க போக?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். எந்த ஊர், வாசலில் என்ன மண், குவாரி எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எனக்கே உறைக்க ஆரம்பித்தது. லாரியை மறித்த கதையையும் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க வீட்லயும் எங்கம்மா அப்படித்தாம்மா, நான் வாரேன்னா பரண்ல இருந்து ஆரம்பிப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பம்பு மருந்தை எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து கூட்டுவதை நிறுத்தினேன். ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. வாசலில் சருகும் பேப்பரும் குவிந்தன. தபால் எடுக்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். "பொம்பள இருக்க வீடு மாதிரியா இருக்கு" என்று எனக்குக் கேட்கும்படியே ஒருத்தி சொன்னாள். எங்கள் புஞ்சைக் காட்டில் இருந்து கரிசல் மண்ணை வண்டியில் கொண்டு வந்து வெள்ளையை மூடினேன். மூடினால் வெடிப்பும் வரும், அதிலிருந்து எது வேண்டுமானாலும் வரும், வரட்டும் என்று இருந்தேன். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "நீங்கதான போடச் சொன்னீக?" என்றார்கள்.

சித்திரையில் மகள் வந்தாள். முதல் நாள் நன்றாக இருந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் நாள் மேற்கே இருந்து காற்று எழுந்தது. என் வாசலை நான் மூடலாம், அந்த மேட்டை எதைக் கொண்டு மூடுவேன்? அவள் அடிக்கடி குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தமே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்தேன். பம்பை அமுக்கும் சத்தம், பிறகு மூச்சை அடக்கும் நேரம், மறுபடி ஒரு அமுக்கு. என் மூஞ்சியைப் பார்த்தால்தான் முட்டுதா என்று நான் கேட்டேன் அல்லவா, அந்த வார்த்தைக்காக என் பிள்ளை என்னிடம் மூச்சுத் திணறலை ஒளித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெளியே வந்ததும் பையை எடுத்து முன்னால் வைத்தேன்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்புத்தா."

"இன்னும் லீவு கெடக்கும்மா."

"கெடக்கட்டும். இனிமே இங்க வராத. நான் வாரேன் அங்க."

அவள் அழுதாள். நானும் அழுதேன். மறுநாள் போனாள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம், ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட நாட்கள் தவிர, அவள் வீட்டுக்கு வரவில்லை. மழை மேட்டை நனைத்து வைத்திருக்கும்போது இரண்டு நாள், மூன்று நாள். மற்றவர்கள் விதைக்க மழை பார்ப்பார்கள், நான் மகளைப் பார்க்க மழை பார்த்தேன். மழை பொய்த்த வருஷம் தீபாவளியும் பொய்த்தது. மீதி நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சுதான். அவள் பள்ளிக்கூடம் முடித்து மதுரையில் கல்லூரிக்குப் போனாள், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குவாளியோடு பஸ் ஏறுவேன். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நாலு பஸ் வந்து போவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீடு காலையில் விட்ட இடத்திலேயே இருக்கும். வைத்த டம்ளர் வைத்த இடத்தில். அதைப்போலக் கொடுமை வேறில்லை. ஆள் இருந்தால் ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கும்.

விருதுநகரில் மெடிக்கல் கடையில் வேலை பார்க்கும் பையன் அமைந்தான். பம்பைப் பற்றி முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன். "தெனம் நாலு பேருக்குக் குடுக்குறேன் அத்தை, இதுல என்ன இருக்கு" என்றான். நல்ல பையன். அவன் அம்மாவிடம் மட்டும் இந்தப் பேச்சு ஏறவில்லை. பெண்ணுக்குச் சளி உடம்பு என்ற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார்.

ஆகவேதான் அந்த மாசி மாதம் நான் அருப்புக்கோட்டையில் தெருத் தெருவாக அலைந்தேன். பங்குனியில் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் வரை வைத்திருந்து அனுப்ப வேண்டும். அந்த ஆறு மாதத்துக்கு நடுவில்தான் ஆடிக் காற்று. இரண்டு உயிரை அந்த வீட்டில் எப்படி வைப்பேன்?

எனக்கு வேண்டிய வீடு இப்படி இருக்க வேண்டும்: பக்கத்தில் விசைத்தறி ஓடக்கூடாது, ஏனென்றால் பஞ்சும் ஆகாது. மெயின் ரோடு கூடாது. குழாயில் தண்ணீர் வர வேண்டும், தினமும் தரையைத் துடைக்கும் அளவுக்கு. நெசவுக்குப் பேர் போன ஊரில் தறிச் சத்தம் கேட்காத வீடு வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கடைசியில் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டைக் கொடுத்தார். "பிள்ள பெறக்கப்போற வீட்டுல என்னம்மா தீட்டு. ஆனா ஆவணி வரைக்குந்தான். பெறகு என் மகன் குடும்பத்தோட வாரான்" என்றார். ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் குழாயும் கொடியும். கதவுக்கு அப்போதுதான் பச்சைப் பெயிண்டு அடித்திருந்தார்கள். வளைகாப்புக்கு ஒன்பது நாளைக்கு முன்பே குடி வந்து, பெயிண்டு வாடை போகும் வரை கதவு ஜன்னலைத் திறந்தே போட்டேன்.

வளைகாப்பு அன்று சம்பந்தியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க மருமகள வாடகை வீட்டுக்கா கூட்டிட்டுப் போறீக? அதுக்கு இங்கயே இருந்துட்டுப் போகட்டுமே. சொந்த வீட்டுல வச்சுப் பாக்க மனசில்லையா?"

மகள் வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் கையை அமுக்கினேன். பெண்ணின் நெஞ்சில் கோளாறு என்று அத்தனை பேர் நடுவில் ஏன் தெரிய வேண்டும்? "ஆஸ்பத்திரி பக்கம்னு பாத்தேன் மதினி" என்றேன். யாரும் நம்பவில்லை. பெற்ற மகளை வீட்டில் ஏற்றாதவள் என்று விருதுநகரில் ஒரு பேரும், வாடகை வீட்டுப் பகட்டுக்காரி என்று எங்கள் ஊரில் ஒரு பேரும் ஆக எனக்கு இரண்டு பேர் கிடைத்தது. இருக்கட்டும்.

போஸ்ட்மாஸ்டர் அந்தந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும் என்பது விதி. நான் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய் ஆபீசைத் திறந்து, மத்தியானம் சாத்திவிட்டுத் திரும்பி வருவேன். இன்ஸ்பெக்ஷன் வந்துவிடக்கூடாது என்று வேண்டாத தெய்வமில்லை. வந்ததும் நேராகப் பின்பக்கம் போய்க் குழாயடியில் குளித்து, கொடியில் போட்டு வைத்திருக்கும் வேறு சேலையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி தினமும் இந்தக் குளியல். ஆடியில் என் தலைமுடியில் இருந்து இறங்கும் தண்ணீர் பால் கலந்ததுபோல இருக்கும். மகள் ஜன்னலில் நின்று, "இன்னும் ரெண்டு செம்பு ஊத்தும்மா" என்று அதட்டுவாள். எனக்கு அவள் அதட்டுவது பிடித்திருந்தது.

வைகாசிக் கடைசியில் பேரன் பிறந்தான். பூண்டுக் குழம்பு, கருவாடு, வெந்நீர், சாம்பிராணி இல்லாத குளியல் என்று நாட்கள் ஓடின. பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டவில்லை என்று சம்பந்தியம்மாவுக்கு அதிலும் ஒரு குறை. மத்தியான வேளைகளில் இரண்டு பேரும் தூங்குவார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் நெஞ்சில் கீச்சு இல்லை, விசில் இல்லை. வருகிறது, போகிறது, அவ்வளவுதான். பதினாறு வயதில் அனுப்பிய பிள்ளை ஆறு மாதம் முழுசாக என் கண் முன்னால் படுத்து, என் கையால் தின்று, என்னோடு சண்டை போட்டு, நல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நான் ஒரு தரம்கூடத் தனியாக இல்லை.

ஆவணியில் மாப்பிள்ளை கார் கொண்டு வந்தார். அவர்கள் போன பிறகு தரையைத் துடைத்து, சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். அதன் பிறகு எல்லாம் பழையபடி பஸ் ஸ்டாண்டு. எனக்கும் இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசு என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த வேலை இருக்கிறவரை ஊரும் இருக்கும். சம்பந்தி வீட்டில் போய் நிரந்தரமாகத் தங்க என் வாய்க்கு ஆகாது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மகளும் பேரனும் அருப்புக்கோட்டைக்கு வந்தார்கள். பேரனுக்கு மூன்று வயது. பேச்சு என்றால் பேச்சு, அம்மாவுக்கு நேர் எதிர். மண்டபத்தில் இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மகள் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகக் கூட்டிப் போனாள். பின்வீட்டுக்குப் போகும் சந்தின் முனையில் நின்று, பிள்ளைக்குக் கையைக் காட்டினாள்.

"அதாண்டா நம்ம அம்மாச்சி வீடு. நீ அங்கதான் இருந்த."

எல்லாப் பிள்ளைகளும் லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போவதைக் கேட்டுக் கேட்டு, அவன் ரொம்ப நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தானாம். சொன்னதுதான் தாமதம், என் கையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் ஓடினான். பச்சைக் கதவுக்கு முன்னால் போய் நின்றான். படியில் நாலு ஜோடிச் செருப்பு கிடந்தது.

"தெற அம்மாச்சி. உள்ள போவோம்."

மகள் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள். அவன் என் முந்தானையை இழுத்தான்.

"பூட்டியிருக்கு சாமி. சாவியை அம்மாச்சி எங்கயோ வச்சுட்டேன்" என்றேன்.

உள்ளே யாரோ கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்கள்.